இசைத்தட்டில் இல்லாத பெயர்

இசைத்தட்டின் உறையில் பாடகரின் படம் இருக்கும். தட்டின் நடுவே பாட்டை இயற்றியவர் பெயரும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் இருக்கும். ஆனால் பாட்டுக்குப் பின்னால் கிதாரை மீட்டியவர் யார்? 1960-களில் அமெரிக்காவில் வெளியான பெரும்பாலான மெல்லிசைத் தட்டுகளில் அந்தப் பெயரைத் தேடினாலும் காண முடியாது. அவ்வாறு ஏறத்தாழ 10,000 ஒலிப்பதிவுகளில் வாசித்ததாக மதிப்பிடப்படும் ஒரு பெண்மணியைத் தோழியருக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் கேரல் கே.

இவர் 1935 மார்ச் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் இசைக் கலைஞர்கள். 1942-இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் பெற்றோர் பிரிந்தனர், வீட்டில் வறுமை. அந்த நிலையிலும் தாய் மகளுக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். 14-ஆம் வயதிலேயே கேரல் பிறருக்குக் கிதார் கற்பித்துக் குடும்பத்துக்கு உதவினார். பின்பு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜாஸ் இசை வாசிக்கலானார்.

1957-இல் சாம் குக் என்னும் பாடகரின் ஒலிப்பதிவுக்கு இவரை அழைத்தார் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல். கேரல் விரும்பியது ஜாஸ் இசையையே. ஆயினும் குழந்தைகளையும் தாயையும் காக்க வேண்டிய பொறுப்பு இருந்தது. ஒலிப்பதிவுக் கூடம் நிலையான வருமானம் தந்தது. எனவே அதையே தொழிலாகக் கொண்டார்.

இத்தொழில் எளிதானதன்று. ஒரு பதிவுக்கு மூன்று மணி நேரம். அதற்குள் பல பாடல்களை முடிக்க வேண்டும். கலைஞர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிப்பர். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மீண்டும் வாசிக்க நேரிடும். சில வேளைகளில் இசைக் குறிப்பு முழுமையாக இருக்கும். சில வேளைகளில் சுரக்கூட்டுகளின் பெயர்கள் மட்டுமே இருக்கும். மற்றதைக் கலைஞரே அங்கேயே அமைக்க வேண்டும். காலையில் நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி, மாலையில் ராக், மறுநாள் தொலைக்காட்சித் தொடருக்கான இசை எனப் பாணிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

1958-இல் வெளியான ரிச்சி வாலன்ஸின் 'லா பாம்பா' பாடலில் தாளக் கிதார் வாசித்தவர் கேரல். 1963-இல் ஒரு நாள், கேப்பிட்டல் நிறுவனத்தின் பதிவுக்கு பேஸ் கிதார் கலைஞர் வரவில்லை. கேரல் அந்த இடத்தில் அமர்ந்து வாசித்தார். அதுமுதல் பேஸ் கிதாரே அவருடைய முதன்மையான கருவியாயிற்று. சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. ஒலி மிகத் தாழ்ந்த சுருதியில் இருக்கும். ஆலயத்தின் கோபுரம் தெரியும் அளவுக்கு அதன் கடைக்கால் தெரிவதில்லை அல்லவா? பாட்டுக்கு பேஸ் ஒலி அத்தகைய கடைக்கால்.

ஆயினும் கடைக்காலே கட்டடத்தின் அழகாவதும் உண்டு. 1967-இல் வெளியான, சன்னியும் ஷெரும் பாடிய 'த பீட் கோஸ் ஆன்' பாட்டு முழுவதும் ஒரே சுரக்கூட்டில் அமைந்தது, ஓட்டமின்றி நின்றது. கேரல் பலவாறு வாசித்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றும் அப்பாட்டை அதனாலேயே அடையாளம் காண்கிறார்கள். கிளென் கேம்பல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' என்னும் 1968-ஆம் ஆண்டுப் பாடலின் தொடக்கத்தில் படிப்படியாக இறங்கிவரும் பேஸ் இசையும் இவருடையதே. நடுவில் வரும் தனி வாசிப்பைக் கேம்பல் கேரலின் கருவியை வாங்கியே வாசித்தார். கேம்பலும் முன்பு இவரைப்போலப் பெயரின்றி வாசித்த கிதார் கலைஞர்தாம்!

அந்தக் கூடங்களுக்கு வழக்கமாக அழைக்கப்பட்ட கலைஞர்களுள் பெண்கள் மிகச் சிலரே. கேரலைத் தொடர்ந்து அழைத்ததற்குக் காரணம், பிழையின்றி விரைவாக வாசிக்கும் அவரது திறமையே.

பெயர் அச்சாகாததால் விளைந்த நட்டமும் உண்டு. பாடகருக்குக் கிடைத்ததுபோல் விற்பனையில் பங்கு இவர்களுக்கு இல்லை. பதிவுக்கு உரிய கூலியே கிடைத்தது. மோட்டவுன் நிறுவனத்தின் சில பாடல்களில் பேஸ் வாசித்தவர் கேரலா, ஜேம்ஸ் ஜேமர்சனா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. உறையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த வழக்கே எழுந்திராது.

1969-இல் கேரல் பேஸ் கிதார் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். 1976-இல் நேர்ந்த கார் விபத்தினால் வாசிப்பது குறைந்தது, கற்பிப்பது நிற்கவில்லை.

2025-இல் ராக் இசைக்கான புகழ் மன்றம் இவரைச் சிறப்பிக்கத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 90 வயதான அவர் மறுத்துவிட்டார். கூடக் கலைஞர்களின் வேலை கூட்டு வேலை. தனி ஒருவருக்கான விருது அதைக் காட்டாது என்பது அவர் சொன்ன காரணம். தாம் வாசித்தது தம்முடையது என்று பல ஆண்டுகள் வாதாடியவரே, தனிப் பெருமையை வேண்டாம் என்றார். இதில் முரண்பாடு இல்லை. செய்த வேலைக்குப் பெயர் கேட்பது நியாயம். பலர் செய்த வேலையின் பெருமை முழுவதையும் ஒருவரே பெறுவது நியாயமன்று.

தோழியரே! இனி ஒரு பாட்டைக் கேட்கும்போது, பாடகரின் குரலுக்குக் கீழே ஒலிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலிக்கும் சற்றே செவி கொடுங்கள். அங்கேயும் ஒருவர் உழைத்திருக்கிறார்.