கொங்கு கண்ட காலம் – 17: கொடைக்கானலைப் பார்த்த ஆன்டெனாக்கள்

கொடைக்கானலில் பாம்பார் அருவிக்கு வழி கேட்டால் சிலர் யோசிப்பார்கள். லிரில் அருவி என்று சொல்லுங்கள், ஜீப்காரர் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார். எழுபதுகளின் நடுவில் கேரன் லூனல் என்ற பெண் பச்சை நீச்சலுடையில் அங்கே நனைந்து, எலுமிச்சை மணக்கும் ஒரு சோப்பை இந்தியா முழுக்க விற்றுக் கொடுத்தார். எடுத்தது லின்டாஸ் விளம்பர நிறுவனம்; அதை அப்போது நடத்தியவர் அலிக் பதம்ஸீ. தியேட்டர்களில் ஓடிய படம், பிறகு டிவிக்கும் வந்தது.

எண்பதுகளில் அதே மலை மேல் தூர்தர்ஷன் தன் பெரிய கோபுரத்தை நிறுத்தியது. ஆக, கொடைக்கானலில் எடுத்த விளம்பரம் பம்பாய், டெல்லி என்று ஊர் சுற்றிவிட்டு, மறுபடி கொடைக்கானல் உச்சியிலிருந்தே உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இறங்கி வந்தது.

அந்தக் கோபுரம் வந்த பிறகு கொங்கு வீடுகளின் தலையெல்லாம் ஒரே பக்கம் திரும்பியது. போர் போட்டதில் மிஞ்சிய ஜி.ஐ. பைப் ஒன்று தோட்டத்து வீடுகளில் எப்படியும் கிடக்கும். அதை ஓட்டு முகட்டுக்கு மேலே ஏற்றி ஆன்டெனா கட்டுவார்கள். காற்றடித்தாலும் காக்கை உட்கார்ந்தாலும் படம் போய்விடும். ஒருவர் ஓட்டின் மேல், ஒருவர் வாசலில், ஒருவர் டிவி முன்னால். "வந்துருச்சுங்களா?" "இல்லீங்க, இன்னும் கொஞ்சம் பழனிப் பக்கமாத் திருப்புங்க." "இப்பங்க?" "வந்துச்சு... அட, போயிருச்சுங்க." கிணற்று மோட்டாருக்கு அடுத்தபடியாக நம் ஆட்கள் இத்தனை பாடுபட்டது ஆன்டெனாவுக்காகத்தான் இருக்கும்.

மோட்டார் என்றதும் இன்னொரு தொல்லை நினைவுக்கு வருகிறது. சாயங்காலம் த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும். வோல்டேஜ் இறங்கிவிடும். திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் கார்டு அளவில் நிற்கும். டிவி வாங்கும்போதே ஸ்டெபிலைசரும் வாங்கியாக வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டி என்றால், மேலே நீலம், கீழே பச்சை சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் முன்னால் மாட்டுவார்கள். வானம் நீலம், புல் பச்சை, சரிதான். செய்தி வாசிக்கும் ஷோபனா ரவிக்கு நெற்றி நீலமாகவும் தோள் பச்சையாகவும் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது சென்னைக்காரர்களுக்கு. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்து, 1983-இல் இன்சாட் 1பி மேலே போன பிறகுதான் நாடெங்கும் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்தன. அவை அஞ்சல் செய்ததோ டெல்லியை. பெட்டியைத் திறந்தால் இந்தி. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட ஊர் பொள்ளாச்சி. இருபது வருடம் கழித்து அதே வட்டாரத்துப் பிள்ளைகள் நிர்மா பாட்டை ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் சட்டம் போட்டு முடியாததைச் சோப்புத்தூள் செய்துவிட்டது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் படித்தது இந்தியை அல்ல, மெட்டை. இந்திச் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்தவர்களும் அதே குடும்பத்தார்தான்.

பார்க்கப் போனால், அப்போதைய விளம்பரங்களுக்குப் பாஷையே தேவைப்படவில்லை. வெள்ளைப் பாவாடையைச் சுழற்றும் நிர்மா சிறுமிக்கு என்ன பாஷை? அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் வீட்டில் தூள் கலந்து சைக்கிளில் விற்கத் தொடங்கிய சரக்கு, பெரிய கம்பெனியின் சர்ஃபை ஆட்டி வைத்தது. அதற்குப் பதிலடியாகச் சர்ஃப் விளம்பரத்தில் வந்தவர்தான் லலிதாஜி. கவிதா சௌத்ரி நடித்த, கறாராகப் பேரம் பேசும் அந்தப் பெண்மணி தமிழில் பேசும்போது வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். இருந்தாலும் திருப்பூர்ச் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து விலை பேசும் நம் பெண்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. ஓனிடாவின் கொம்பு வைத்த பிசாசு மட்டும் சின்னப் பிள்ளைகளை அழ வைத்தது.

1984-இல் 'ஹம் லோக்' தொடரோடு மேகி நூடுல்ஸ் வந்தது. எங்கள் அமுச்சி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "சந்தகையப் புழியாம, எதுக்குச் சாமி இப்படிச் சுருட்டி வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டார்.

சென்னை நிகழ்ச்சிகளும் வந்து சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை தனிக் கிழமையானது. 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் டிவி இருக்கும் வீட்டு ஆசாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. கட்டிலில் வீட்டுக்காரர், பாயில் சொந்தக்காரர்கள், திண்ணையோடும் ஜன்னலோடும் தோட்டத்து வேலையாட்கள். யார் எங்கே உட்காரலாம் என்பதை டிவி மாற்றிவிடவில்லை. இதையும் சொல்லாமல் அந்தக் காலத்தை இனிக்க இனிக்கப் பேசுவது நியாயமில்லை. செவ்வாய்க்கிழமை நாடகம், விவசாயிக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். இடையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை. அதையும் உட்கார்ந்து பார்த்தோம்.

இங்கிலாந்தில் 1955 செப்டம்பர் 22 அன்று முதல் டிவி விளம்பரம் ஒளிபரப்பானது, கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசைக்கு. அங்கே விளம்பர இடைவேளை வந்தால் ஜனங்கள் எழுந்து டீக்குக் கெட்டிலைப் போடுவார்கள். அந்த நிமிடத்தில் எகிறும் மின்தேவைக்கு மின்துறை முன்கூட்டியே தயாராக இருக்கும். நம் ஆசாரத்தில் விளம்பரத்துக்கு யாரும் எழுந்ததே இல்லை. வேறு சேனல் கிடையாது. நிகழ்ச்சியைவிட விளம்பரம் பளிச்சென்றும் இருந்தது.

என் குறை ஒன்றுதான். அந்த விளம்பரங்களில் நம் ஊர் இல்லை. 1955-இல் பி.சபாபதி கோவையில் வெட் கிரைண்டர் செய்தார். பீளமேட்டில் பம்ப்செட், திருப்பூரில் பனியன், ஈரோட்டில் மஞ்சள். இத்தனை சரக்குச் செய்த சீமை, டெல்லிக்குக் காசு கட்டி டிவியில் முகம் காட்டியதாக எனக்கு நினைவில்லை. நம் முதலாளிகள் சுவரை நம்பினார்கள். கிணற்று மேட்டுச் சுவரில் பம்ப்செட்டின் பெயரை மஞ்சளும் சிவப்புமாக எழுதுவார்கள். அப்புறம் சினிமா தியேட்டர் ஸ்லைடு. சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய கோவையாயிற்றே! படம் தொடங்கும் முன் ஜவுளிக்கடை, நகைக்கடை, சைக்கிள் கடை என்று கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாக விழும். எழுத்து கோணலாக இருந்தாலும் கடை நமக்குத் தெரிந்த கடை. பழைய டிவி விளம்பரங்களைத் தேடித் தேடி யூடியூபில் பார்க்கிறவர்களுக்கு இந்த ஸ்லைடுகள் கிடைக்கப் போவதில்லை. பெரும்பாலானவை தியேட்டரோடு இடிபட்டுப் போயின.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. பிற்பாடு ஈரோட்டுச் சக்தி மசாலாவும் திருப்பூர் ராம்ராஜ் வேட்டியும் நடுவீட்டுக்கு வந்தன. அதற்குள் நம் கையில் ரிமோட் வந்திருந்தது. விளம்பரம் வந்தால் சேனல் மாற்றப் பழகியிருந்தோம். தூர்தர்ஷனுக்கும் சன் டிவிக்கும் நடுவே, தென்னைமரத்துக்குத் தென்னைமரம் ஒயர் இழுத்து, உள்ளூர்க் கடை போர்டைப் படம் பிடித்துப் போட்டுத் தனி சேனலே நடத்திய கேபிள்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாரம் முழுசாக வேண்டும்.

(தொடரும்)