எலும்பின் படமும் சிறுநீரகத்தின் நலமும்

திண்டுக்கல் வட்டாரத்தில் பாடுபட்டு உழைக்கும் மக்கள் முதுகு வலியை ஒரு நோயாகக் கருதுவதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்பவரும், சின்னாளபட்டியில் தறி நெய்பவரும், உழைத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும் என்று கூறி, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். பெரும்பாலோருக்கு அது உழைப்பின் வலியே. ஆயினும், 50 வயதைக் கடந்தவர்களுள் மிகச் சிலருக்கு அது ஒருவகை இரத்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்நோய்க்கு மல்டிபிள் மைலோமா என்று பெயர்.

நோயின் இயல்பு

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கும் பிளாஸ்மா அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ளன. இவை கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். இதனால் எலும்பு அரிக்கப்படுகிறது; இரத்தசோகை உண்டாகிறது. பயனற்ற புரதமும் ஏராளமாகச் சுரக்கிறது. வண்டல் படிந்து வாய்க்கால் அடைபடுவது போல, அப்புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. 1845-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் எலும்பு வலியால் வருந்திய ஒரு வணிகரின் சிறுநீரில் இப்புரதத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். இந்நோய் கண்டறியப்படும் வேளையில் ஐவரில் ஒருவருக்கேனும் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது.

படம் எதற்கு?

நோயின் கடுமையை அறிய, இரத்தத்தில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தை அளப்பது வழக்கம். ஆனால், சிறுநீரகம் கெட்டாலும் அப்புரதம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். அளவு கூடியது புற்றுநோயாலா, சிறுநீரகக் கேட்டாலா எனப் பிரித்தறிவது அரிது. இங்கேதான் படம் துணை நிற்கிறது.

சாதாரண எக்ஸ்ரே, எலும்பின் சத்து ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் கரைந்த பின்னரே பள்ளத்தைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்கு முன்பே மஜ்ஜையில் உள்ள மாற்றத்தைக் காட்டிவிடும். பெட் ஸ்கேனில், சிறிதளவு கதிரியக்கம் கொண்ட சர்க்கரையை நரம்பில் ஏற்றுவர். புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உண்பதால் அவ்விடங்கள் படத்தில் ஒளிரும். ஒளிரும் இடங்கள் மூன்றுக்கு மேற்பட்டாலும், எலும்புக்கு வெளியே பரவியிருந்தாலும் நோய் கடுமையானது என்று கொள்வர். சிகிச்சைக்குப் பின் அவ்வொளி மறைந்தால் நெடுநாள் நலமுடன் வாழலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். எனினும் படம் மட்டுமே தீர்ப்பன்று. இரத்தச் சோதனையும் மஜ்ஜைச் சோதனையும் உடன் வேண்டும்.

எச்சரிக்கை

சில சி.டி. ஸ்கேன்களுக்கு ஏற்றப்படும் அயோடின் மருந்து, பழுதுபட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். ஆகவே படம் எடுக்குமுன், நம் மக்கள் 'உப்பு' என்று கூறும் கிரியாட்டினின் அளவை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மைலோமாவுக்கு அயோடின் மருந்தின்றியே எடுக்கத்தக்க சி.டி., எம்.ஆர்.ஐ. முறைகள் உள்ளன. வலி மாத்திரைகளுள் பலவும் சிறுநீரகத்துக்குத் தீங்கானவை. எலும்பு வலிக்கென்று அவற்றை விழுங்குவதே சிறுநீரகத்துக்கு இறுதி அடியாகிவிடுவதுண்டு. சிகிச்சை விரைவில் தொடங்கினால், பழுதுபட்ட சிறுநீரகம் பலருக்குத் தேறுகிறது. தாமதித்தால் வாழ்நாள் முழுதும் டயாலிசிஸ் தேவைப்படலாம்.

ஊராட்சியின் கடமை

விலையுயர்ந்த கருவி நகரில் இருக்கலாம். ஆனால், நோயாளியை உரிய காலத்தில் அங்கே சேர்ப்பது கிராமத்தின் பொறுப்பு. வாரக்கணக்கில் தீராத முதுகு அல்லது விலா வலி, வெளிறிய முகம், ஓயாத களைப்பு, அடிக்கடி காய்ச்சல், நுரைத்த சிறுநீர் ஆகியவை உள்ள முதியோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இரத்தம், கிரியாட்டினின், சிறுநீர் ஆகிய எளிய சோதனைகளே முதற்படி. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அடுத்த படி. பெட் ஸ்கேன் வசதி மதுரை போன்ற நகரங்களில் உண்டு. காப்பீட்டு அட்டையை உடன் எடுத்துச் செல்லுமாறு கூறுங்கள். கிராம சபையில் ஒரு சில நிமிடம் இதைப் பற்றிப் பேசினால், அதனால் ஓர் உயிர் காக்கப்படலாம்.