திறந்த அரசுத் தரவும் பொது மதிப்பும்: நியூயார்க் நகரை முன்வைத்து

முன்னுரை

சீர்மிகு நகரங்கள் போக்குவரத்து, குடிநீர், வரி, அபராதம் எனப் பல துறைகளிலும் நாள்தோறும் தரவுகளைத் திரட்டுகின்றன. அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெற்று, கணினியால் பகுத்தாய்ந்து, மறுபயன்பாடு செய்யத்தக்க வடிவில் அரசு வெளியிடுமாயின் அவை திறந்த அரசுத் தரவு எனப்படும். வெளியிடுதல் ஒன்றினாலேயே பொது மதிப்பு விளையுமா என்பதை நியூயார்க் நகரின் இரு நிகழ்வுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பொது மதிப்பு: கருத்தாக்கம்

பொது மதிப்பு என்னும் கருத்தாக்கத்தை மார்க் மூர் 1995இல் வெளிவந்த தம் நூலில் வகுத்தளித்தார். மக்களுக்குப் பயன்தரும் நோக்கம், அதற்கான ஏற்பும் ஆதரவும், நிறைவேற்றும் செயல்திறன் ஆகிய மூன்றும் பொருந்திவர வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு.

அபராதத் தரவு

நியூயார்க் நகரம் 2012ஆம் ஆண்டின் 11ஆம் உள்ளூர்ச் சட்டத்தால் பொதுத் தரவுகளை ஒரே இணையவாயிலில் வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. அங்கு வெளியான வாகன நிறுத்த அபராதத் தரவைப் பென் வெலிங்டன் ஆராய்ந்து, 2016இல் ஒரு பிழையை வெளிக்கொணர்ந்தார். சாலையைக் கடக்கும் குறியீட்டுடன் இணையாத நடைபாதைச் சாய்தளங்களின் முன் வாகனம் நிறுத்தலாம் என விதி மாற்றப்பட்டு ஆண்டுகள் பல கடந்திருந்தன. எனினும் காவலர்கள் அபராதம் விதித்தே வந்தனர். காவல்துறை பிழையை ஒப்புக்கொண்டு, அலுவலர் அனைவருக்கும் விதியை விளக்கி அறிவுறுத்தியது. ஓர் ஓட்டுநருக்குத் தனித்த இழப்பாகத் தோன்றியது, தரவு ஒருங்கே கிடைத்தமையால் நகரளாவிய முறைகேடாகப் புலப்பட்டது.

வாடகை மகிழுந்துத் தரவு

இதற்கு மாறானது 2014ஆம் ஆண்டு நிகழ்வு. தகவல் கோரும் சட்டத்தின்கீழ் 2013ஆம் ஆண்டின் ஏறத்தாழ 17.3 கோடி மகிழுந்துப் பயணங்களின் தரவு வழங்கப்பட்டது. உரிம எண்கள் குறியீடாக மாற்றி மறைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவ்வெண்கள் அமையும் வடிவங்கள் சிலவே. ஆகவே எல்லா எண்களுக்கும் குறியீடுகளைக் கணித்து ஒப்பிட்டு, உண்மை எண்களை எளிதில் மீட்க முடிந்தது. ஓட்டுநரின் வருவாயும் பயணியர் சென்ற இடங்களும் வெளிப்படும் நிலை உருவாயிற்று.

முடிவுரை

முதல் நிகழ்வில் சட்ட ஏற்பும், ஆராயும் குடிமகனும், திருத்திக்கொள்ளும் துறையும் ஒருங்கிணைந்தமையால் மதிப்பு விளைந்தது. இரண்டாவதில் வெளிப்படைத்தன்மை இருந்தும், தனியுரிமை காக்கும் செயல்திறன் குறைந்தமையால் தீங்குக்கு வழி ஏற்பட்டது. எனவே, வெளியிட்ட தரவுத்தொகுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நகரின் திறந்த தரவுத் திட்டத்தை மதிப்பிடுதல் போதாது. தரவால் திருத்தம்பெற்ற நடைமுறைகளும், காக்கப்பட்ட தனியுரிமையுமே உரிய அளவுகோல்களாம்.