கடைக் கம்ப்யூட்டர்: பேட்ச் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால்

கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. சாலையில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குக் கல்யாண ஆல்பம் முகூர்த்த மாதங்களில்தான். வருஷம் முழுக்க அடுப்பெரிய வைப்பது பாஸ்போர்ட் சைஸ் படம். சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. கேட் பாஸ், இஎஸ்ஐ, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் முகம் கேட்கிறார்கள். தேர்வாய்கண்டிகையிலும் காக்களூரிலும் இதே கதைதான். காண்ட்ராக்டர் தன் ஆட்கள் படத்தை மொத்தமாக வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள வேணும் தம்பி" என்பார்.

இதை ஒவ்வொன்றாகச் செய்ய முடியாது. அதனால்தான் போட்டோஷாப்பில் ஆக்‌ஷன். 1996-ல் நான்காம் பதிப்போடு வந்த வசதி. ஒரு படத்தில் நாம் செய்வதை அது பதிந்துகொள்ளும். பிறகு பைல் மெனுவில் ஆட்டோமேட், அதற்குள் பேட்ச் என்று போய் ஒரு போல்டரையே காட்டிவிட்டால் அத்தனை படத்திலும் அதையே திரும்பச் செய்யும். 35-க்கு 45 மில்லிமீட்டர், 300 ரெசல்யூஷனில் சுமார் 413-க்கு 531 பிக்சல், 4-க்கு 6 தாளில் எட்டு முகம். எல்லாம் ஒரே தட்டில்.

ஓடுகிறவரை சுகம். நின்றால்தான் ஸ்டுடியோக்காரர் போன் எடுக்கிறார்.

பெரும்பாலும் கேட்கும் புகார் இது: "நேற்றுவரை ஓடுச்சு சார், இன்னைக்கு 'செலக்ட் கமாண்ட் கிடைக்காது'ங்குது." பெட்டியைப் பார்த்ததும் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்கள் உண்டு. வீண் வேலை. ஆக்‌ஷனுக்குப் படம் எதுவென்று தெரியாது; பதிந்த நாளில் உங்கள் கை எங்கே போனது என்பது மட்டும்தான் தெரியும். அன்று திறந்தது கேமரா ஜேபெக். அதில் அடி லேயரின் பெயர் 'பேக்ரவுண்ட்'. நீங்கள் அதை மவுஸால் தொட்டீர்கள், பெயரோடு பதிந்துவிட்டது. இன்று வந்தது பின்னணி நீக்கிய பிஎன்ஜி. அதில் அடி லேயர் 'லேயர் 0'. பேக்ரவுண்டைத் தேடுகிறது, இல்லை, நிற்கிறது. மருந்து எளிது. பதியும்போது லேயரை மவுஸால் தொடாமல் ஆல்ட்டோடு கமாவை அழுத்துங்கள். பெயர் எதுவானாலும் அடி லேயரைப் பிடிக்கும். ஆல்ட்டோடு புள்ளி என்றால் மேல் லேயர்.

நிறமும் இப்படித்தான். இன்டெக்ஸ்டு கலரில் வந்த படத்தில் பில்டர்கள் எல்லாமே மங்கிக் கிடக்கும். ஆக்‌ஷனின் முதல் படியாகவே ஆர்ஜிபி-க்கு மாற்றும் 'கண்டிஷனல் மோட் சேஞ்ச்' வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியவில்லையா? ஆக்‌ஷன் பேனலின் மெனுவில் பிளேபேக் ஆப்ஷன்ஸ் இருக்கிறது. 'ஸ்டெப் பை ஸ்டெப்' வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் படம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். பிழைப் பெட்டி ஏழாம் படியில் வந்தாலும் கோளாறு மூன்றாம் படியிலேயே தொடங்கியிருக்கும்.

நின்றுபோகிற பிழையாவது தலைகாட்டுகிறது. எனக்குப் பயம் நிற்காமல் ஓடுகிற பிழைமேல்தான். ஆக்‌ஷன் பதியும்போது சேவ் அஸ் கொடுத்து, கோப்புக்கு ஒரு பெயரையும் டைப் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பேட்ச் பெட்டியில் 'ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் அஸ் கமாண்ட்ஸ்' கட்டத்தில் டிக் இல்லையென்றால், அத்தனை படமும் அந்த ஒரே பெயரில், அந்தப் பழைய போல்டரில், ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். எச்சரிக்கை கிடையாது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கடைசி ஆளின் முகம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதே பெட்டியில் மேலே இருக்கும் 'ஓவர்ரைடு ஆக்‌ஷன் ஓப்பன் கமாண்ட்ஸ்' இன்னும் குழப்பம். ஆக்‌ஷனில் ஓப்பன் படி இருந்தால்தான் அதை டிக் செய்ய வேண்டும். இல்லாதபோது டிக் செய்தால் பேட்ச் எந்தப் படத்தையும் திறக்காது. ஓப்பன் படி இருந்தும் டிக் செய்யாவிட்டால், பதிந்த அன்று திறந்த படத்தையே திரும்பத் திரும்பத் திறக்கும். இந்த இரண்டு கட்டத்துக்கும் இன்னும் தெளிவான பெயர் வைத்திருக்கலாம். முப்பது வருஷமாகப் போகிறது, யாரும் வைக்கவில்லை.

கிராப் அடுத்தது. ரூலர் பிக்சலில் இருக்கும்போது பதிந்தால், 6000-க்கு 4000 கேமராப் படத்தில் முகம் இருந்த இடத்தைத்தான் நினைவு வைக்கும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் அந்த இடம் படத்துக்கு வெளியே. முகத்துக்குப் பதில் தோள்பட்டையும் வெள்ளைக் கட்டமும் கிடைக்கும். ரூலரைச் சதவீதத்துக்கு மாற்றிவிட்டுப் பதியச் சொல்வார்கள். அளவுப் பிரச்சினைக்கு அது சரி. ஆனால் ஒருவர் சட்டகத்தின் ஓரத்தில் நிற்பார், இன்னொருவர் தலை மேலே முட்டும். சதவீதத்துக்கு அது எப்படித் தெரியும்? பாஸ்போர்ட் படத்தில் கிராப்பைக் கைக்கே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. அந்தப் படிக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டிக் குறியைச் சொடுக்கினால் ஆக்‌ஷன் அங்கே நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். முகத்தைச் சரிசெய்து என்டர் தட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சில சமயம் உங்கள்மேல் தவறே இருக்காது. 2021 மே மாதம் வந்த 22.4 பதிப்பில் அடோபி, சேவ் அஸ் முறையையே மாற்றியது. லேயர் உள்ள படத்தை அங்கிருந்து ஜேபெக்காகச் சேமிக்க முடியாது, 'சேவ் எ காப்பி' போக வேண்டும் என்றானது. பழக்கப்பட்ட கைகள் எல்லாம் தடுமாறின. கூச்சல் கிளம்பியதும் பிரிபரன்சஸில் பைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் பழைய முறைக்குத் திரும்ப ஒரு கட்டம் வைத்தார்கள். இன்னும் 7.0-வையே விடாமல் வைத்திருக்கும் ஸ்டுடியோக்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்களுக்கு வேறு: ஐபோன் படம் ஹெச்இஐசி-யாக வந்தால் அது திறக்கவே திறக்காது. ஜேபெக்காக மாற்றி அனுப்பும்படி காண்ட்ராக்டரிடம்தான் சொல்ல வேண்டும்.

பேட்ச் பெட்டியின் அடியில் 'எரர்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அதில் 'லாக் எரர்ஸ் டு பைல்' தேர்ந்தெடுத்தால், ஒரு படம் மக்கர் பண்ணினாலும் மற்றவை ஓடும். மக்கர் பண்ணியவை எவை என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் பட்டியல் இருக்கும். ஒரிஜினல்களை வேறு போல்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, முதலில் ஐந்தாறு படத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு பிஎன்ஜி-யும் ஒரு வாட்ஸ்அப் படமும் கட்டாயம் இருக்கட்டும்.