பாறைப் பள்ளத்தாக்கில் பெட்டி தேடும் விளையாட்டு

வெளியே போவதென்றால் எம்மில் பலருக்கு ஒரு காரணம் வேண்டும். தண்ணீர் அள்ள, விறகு பொறுக்க, நிவாரண வரிசையில் நிற்க, வைத்தியசாலைக்குப் போக. இல்லையேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட. மனம் ஆறுவதற்காக மட்டும் ஒரு பெண் மலையடிவாரத்துக்கு நடந்து போகலாம் என்பது எமக்குப் பழக்கமில்லாத எண்ணம்.

உலகின் வேறிடங்களில் பெண்கள் அப்படிப் போகிறார்கள். கயிறு கட்டிப் பாறை ஏறுகிறார்கள். கற்களுக்கிடையே ஒளித்து வைத்த சிறு பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். 'ஜியோகேச்சிங்' எனப்படும் இந்தப் பெட்டி தேடும் விளையாட்டு பிறந்ததும், அமெரிக்காவில் நவீன விளையாட்டுப் பாறையேற்றம் வளர்ந்ததும் ஒரே மாநிலத்தில்தான். அது ஒரிகன். அங்கு நடப்பதிலிருந்து, அச்சத்தோடு வாழப் பழகிய நாமும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில விடயங்கள் உண்டு.

கோணல் ஆற்றின் கரையில்

ஒரிகனின் நடுப்பகுதியில் டெரபோன் என்ற சிற்றூருக்கு அருகே ஸ்மித் றொக் என்னும் மாநிலப் பூங்கா இருக்கிறது. குறூக்கட் றிவர், அதாவது கோணல் ஆறு, அங்கே பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இறுகிப் பாறையானது. அதை ஆறு அரித்து ஆழமான பள்ளத்தாக்காக்கியது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் 'குரங்கு முகம்' என்று அழைக்கப்படும் தனிப் பாறைத் தூண் 100 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. 1960 ஜனவரி முதலாம் திகதி அதன் உச்சியை முதன்முதலில் அடைந்த மூவரில் விவியன் ஸ்டேன்டர் என்ற பெண்ணும் ஒருவர்.

அந்தப் பாறையின் பல பகுதிகள் உதிரும் தன்மை கொண்டவை. 1980களில் அலன் வட்ஸ் என்பவரும் அவரது தோழர்களும் மேலிருந்து கயிற்றில் இறங்கி, உதிரும் கற்களைத் தட்டி அகற்றி, உறுதியான இடத்தில் துளையிட்டு இரும்பாணிகளைப் பதித்தார்கள். ஏறுகிறவர் தம் கயிற்றை அந்த ஆணிகளில் கொளுவிக்கொண்டே மேலே போகலாம். தவறினாலும் கயிறு தாங்கும். இன்று அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுவழிகள் உள்ளன.

தைரியமல்ல, சரிபார்த்தல்

பாறையேறும் பெண்ணைப் பார்த்தால் 'இவளுக்குப் பயமே இல்லை' என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. உயரத்தைக் கண்டு பயப்படுவது உடம்பின் இயல்பு. அந்தப் பயத்தை அடக்கச் சொல்லி அங்கு யாரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்.

ஏறுபவர் ஒருவர், கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர் மற்றவர். நிலத்தை விட்டுக் கால் எடுக்கும் முன் இருவரும் ஒருவரையொருவர் கண்ணாலும் கையாலும் பரிசோதிக்கிறார்கள். இடுப்புவாரின் கொளுவி இறுகியிருக்கிறதா? எட்டு வடிவ முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா? கயிற்றைப் பிடிக்கும் கருவி பூட்டப்பட்டதா? கயிற்றின் மறுமுனையில் முடிச்சு உண்டா? இருபது வருடம் ஏறியவரானாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். 'என்னை நம்பவில்லையா?' என்று யாரும் கோபிப்பதில்லை. பிறகு 'ஏறட்டுமா?' என்று ஒருவர் கேட்க, 'ஏறு' என்று மற்றவர் சொன்ன பின்னரே ஏறுதல் தொடங்கும். நடுவில் முடியவில்லை என்றால் 'இறக்கி விடு' என்று சொல்லலாம். அது தோல்வி அல்ல.

நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதல்ல. கண்ணைத் திறந்து சரிபார்த்த பின் வருவது.

ஆறு நாட்கள் தந்த அச்சம்

ஸ்மித் றொக்கில் மிகக் கடினமான ஏறுவழிகளுள் ஒன்றை 1998இல், தமது 18ஆவது வயதில் ஏறி முடித்தவர் பெத் றொடன். இரண்டு வருடங்களின் பின், 2000 ஓகஸ்டில், அவரும் மூன்று தோழர்களும் கிர்கிஸ்தான் மலைகளில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆயுதக் குழுவொன்றிடம் அகப்பட்டார்கள். பாறைச்சுவரில் தொங்கும் படுக்கையில் தங்கியிருந்தவர்களைக் கீழிருந்து சுட்டு, இறங்கச் செய்தார்கள். ஆறு நாட்கள் பட்டினியோடு இரவிரவாக நடக்க வைத்தார்கள். இறுதியில் நால்வரும் தப்பி உயிரோடு திரும்பினர்.

அதன் பின்னும் பெத் ஏறினார். 2008இல் யொசமிட்டிப் பள்ளத்தாக்கில் அவர் முதன்முதலாக ஏறிய ஒரு வெடிப்புவழியை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எவராலும் மறுபடி ஏறி முடிக்க இயலவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் எல்லாவற்றையும் கடந்துவிட்டவர். ஆனால் அந்த அச்சம் பல ஆண்டுகள் தம்மை விட்டகலவில்லை என்பதை 2024இல் வெளியான தமது வாழ்க்கை நூலில் அவர் எழுதியிருக்கிறார்.

இதை எம்மில் பலர் எவரும் சொல்லாமலே அறிவோம். வேலைக்குப் போகிறாள், பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள், சிரிக்கிறாள் என்பதற்காக ஒருத்தியின் உள்ளே எல்லாம் ஆறிவிட்டதென்று எண்ணக் கூடாது. திடீர்ச் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதும், இரவில் விழித்துக்கொள்வதும் பலவீனமல்ல. ஆபத்திலிருந்து எம்மைக் காக்க உடம்பு படித்த பாடம் அது. ஆபத்து போன பின்னும் உடம்பு அதை உடனே மறப்பதில்லை.

ஒரு வாளியில் தொடங்கிய விளையாட்டு

இனிப் பெட்டிக்கு வருவோம். ஜீ.பி.எஸ். என்பது செய்மதிகளின் துணையோடு ஓர் இடத்தைக் கண்டறியும் முறை. அமெரிக்க இராணுவத்துக்காகவே அது உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்ததால் இடம் 100 மீற்றர் வரை தவறலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர், ஒரிகனில் பீவர்கிறீக் அருகே ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆள்கூறுகளை அறிவித்தார். வாளிக்குள் சில பொருட்களும், ஒரு கொப்பியும், பென்சிலும் இருந்தன. கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும்; கொப்பியில் பெயர் எழுத வேண்டும். போருக்காகச் செய்த கருவி இப்படி விளையாட்டுக்கு வந்தது. இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. தேடுவதற்குக் கைத்தொலைபேசியே போதும்.

பாறைப் பள்ளத்தாக்கில் ஒரு சிக்கல் உண்டு. இடத்தைக் கணிக்கக் கருவிக்கு நான்கு செய்மதிகளாவது வேண்டும். உயர்ந்த பாறைச்சுவர் வானத்தை மறைக்கும். சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும். கருவி காட்டும் இடம் அப்போது தவறும். அங்கே கருவியை மட்டும் நம்பாமல் கண்ணையும் காலடியையும் நம்பித் தேட வேண்டும்.

இந்த விளையாட்டுக்கும் ஒழுங்குகள் உண்டு. காணிக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். நிலத்தைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. உணவு வைக்கக் கூடாது. பெட்டியைக் காண்பவர் வெடிபொருளென்று கலங்காதிருக்க, அது இன்னதென்று எழுதி ஒட்ட வேண்டும். 2004இல் தொடங்கிய இன்னொரு வகையில் பெட்டியே இல்லை. சொல்லப்பட்ட இடத்துக்குப் போய்ப் பாறையைக் கவனித்து, அது எப்படி உருவானதென்ற கேள்விகளுக்கு விடை சொன்னாற் போதும்.

எமது மண்ணில்

மண்ணில் மறைந்திருக்கும் பொருளைத் தேடிப் போவது என்றதும் எமக்கு வாளி நினைவுக்கு வருவதில்லை. மிதிவெடிதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்த விளையாட்டை வடக்கிலோ கிழக்கிலோ அப்படியே செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. மண்ணை நம்ப முடிந்த இடத்தில்தான் இந்த விளையாட்டு சாத்தியம்.

அந்த நம்பிக்கையை மீட்கும் வேலையில் எமது பெண்கள் பலர் இருக்கிறார்கள். கணவனை யுத்தத்தில் இழந்து, குடும்பத்தைத் தனித்துச் சுமப்பவர்களும் அவர்களுள் உண்டு. ஹலோ டிரஸ்ட் நிறுவனம் 2002 முதல் இலங்கையில் இப்பணியைச் செய்து வருகிறது. முகமாலை போன்ற இடங்களில் பெண்கள் முழந்தாளில் இருந்து அடியடியாக மண்ணைச் சோதித்திருக்கிறார்கள். எல்லைகளைக் குறிக்க அவர்களுக்கும் ஜீ.பி.எஸ். உதவுகிறது. துப்புரவு செய்த நிலத்தை மறுபடியும் சரிபார்த்த பின்பே மக்களிடம் ஒப்படைக்கிறார்கள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

ஆகவே, வெளியே போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அப்பால் போக வேண்டாம். அறியாத பொருளைத் தொட வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆனால் போகாமலே இருந்துவிடாதீர்கள். துப்புரவு முடிந்த இடமென்று விசாரித்து, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரோடு ஒரு மாலை நேரம் குளக்கட்டு வரையாவது நடந்து வாருங்கள். குடமும் விறகுக் கட்டும் இல்லாமல் கையை வீசி நடந்து வாருங்கள். உங்களோடு வருபவள் நடுவழியில் 'திரும்புவோம்' என்றால் அவளோடு திரும்புங்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம்.