பொய் சொல்லக் கூடாத திரை

சில ஷாப்பிங் ஆப்களில் 'வாங்கு' என்று தட்டியதும் பச்சை டிக் விழுந்துவிடுகிறது. ஆர்டர் உண்மையில் பதிவாக இன்னும் இரண்டு நொடி ஆகலாம். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டாமே என்று திரை முந்திக்கொள்கிறது, யாருக்கும் நட்டமில்லை. வெல்டிங் ரோபோவின் திரை அப்படி முந்திக்கொண்டால், இயந்திரம் நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் அதன் பக்கத்தில் போய்விடக் கூடும்.

மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் கணினிப் புத்தகம் புரட்டும் மாணவருக்கு, திரைகளைக் கட்டும் ஃப்ரன்ட்எண்ட் வேலை என்றால் வங்கி ஆப்பும் கடைகளின் இணையதளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலை போல ரோபோக்கள் கார் செய்யும் இடங்களுக்கும் திரை வேண்டும். 1975-இல் டிடிசி 2000 என்ற கட்டுப்பாட்டு அமைப்பைக் கொண்டுவந்து ஆலைகளைத் திரைக்கு நகர்த்திய நிறுவனங்களில் ஒன்றான ஹனிவெல்லுக்கு மதுரையிலேயே மென்பொருள் மையம் இருக்கிறது.

சென்சார் சொல்வது பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து சர்வர் வழியாகத் திரைக்கு வருகிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் கடைசி எண் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கோ எல்லாம் நலமாகவே தோன்றும். அதனால் எண்ணை மங்கவைத்து, எத்தனை நொடிக்கு முந்தையது என்றும் காட்டுவார்கள். பட்டனை அழுத்தினால் 'அனுப்பியாயிற்று', 'ரோபோ ஏற்றது', 'முடிந்தது' என்று மூன்று நிலையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு.

1994 ஜூலை 24 அன்று, வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 26 பேர் காயமடைந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு வால்வைத் திரை திறந்திருப்பதாகக் காட்டியது என்பது விசாரணையில் தெரிந்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்திருந்தன. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எல்லா ஒலிபெருக்கியும் சேர்ந்து அலறினால், காணாமல் போன பிள்ளையின் பெயர் யார் காதில் விழும்? இன்று நல்ல ஆலைத் திரை பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். கோளாறு வந்தால்தான் சிவப்பும் மஞ்சளும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கூடவே ஒரு வடிவமும் எழுத்தும்.

சில பொறுப்புகளைத் திரையிடம் கொடுப்பதே இல்லை. அவசர நிறுத்தத்துக்கு மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழ் நிஜமாகவே இருக்க வேண்டும். ரோபோவுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் டீச் பெண்டன்ட் என்ற கைக்கருவியின் ஸ்விட்சை நடுநிலையில் பிடித்தால்தான் ரோபோ நகரும். பயத்தில் விட்டாலும் இறுக்கினாலும் நின்றுவிடும். கற்றுக்கொடுக்கும்போது ரோபோவின் வேகமும் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

மற்றபடி கருவிகள் பழகியவைதான். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் 2024-இல் வெளியிட்ட பாலிஸ்கோப் எக்ஸ் மென்பொருளுக்கு, இணையதளம் கட்டும் அதே ஜாவாஸ்கிரிப்ட்டில் கூடுதல் திரைகள் எழுதலாம். புதிதாகச் சேர வேண்டியது ஷிஃப்ட் நேரத்தில் ஆபரேட்டர் பக்கத்தில் நிற்கும் பழக்கம். கையுறை போட்ட விரலுக்கு எந்தப் பட்டன் சிறியது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.