ஒரு கடனாளி, இரண்டு நீதிமன்றங்கள்

தம் சொத்தைக் கொண்டு தம் கடன்களைத் தீர்க்க இயலாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டார் என்று நீதிமன்றம் முறைப்படி அறிவிப்பது நொடிப்பு ஆணை எனப்படுகிறது. 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்றும் 'மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிட்டார்' என்றும் தமிழ்நாட்டு மக்கள் சொல்வது இந்த நடவடிக்கையைத்தான். ஆணை பிறந்தவுடன் கடனாளியின் சொத்து அவர் கையை விட்டு நீதிமன்றத்திடமோ, அது நியமிக்கும் ரிசீவர் என்னும் பொறுப்பாளரிடமோ சென்றுசேர்கிறது. கடன் கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொத்தைப் பற்றுவது தடைபடுகிறது. சொத்தை விற்று வரும் தொகை, சட்டம் முன்னுரிமை தந்த சில கடன்கள் போக, மற்றவர்களுக்கு அவரவர் கடனின் விகிதப்படி பகிரப்படுகிறது. கடனாளியும் கடன் கொடுத்தவர்களும் சொத்தும் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை இதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. கடனாளிக்கு வீடு ஓரிடத்திலும் தொழில் வேறொரு நாட்டிலும் இருந்து, இரண்டு இடத்து நீதிமன்றங்களும் அவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால், எந்த ஆணை நிற்க வேண்டும், எந்தச் சொத்து யாரிடம் போக வேண்டும், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிட வேண்டும் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன.

சென்னை காட்டிய வழி

இக்கேள்விகளுக்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் பழைய விடைகளுள் ஒன்று சென்னையில் நொடித்த ஒரு நிறுவனத்தை ஒட்டி எழுந்தது. தென்னிந்தியாவின் பெரும் வணிக, வங்கி நிறுவனமாக விளங்கிய அர்பத்நாட் அண்ட் கோ 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் நொடிப்பு மனு கொடுத்தது. அதன் பங்காளிகளே லண்டனில் பி. மெக்ஃபேடியன் அண்ட் கோ என்ற பெயரில் மற்றொரு நிறுவனத்தையும் நடத்திவந்தனர். அதுவும் உடன் வீழ்ந்தது. அந்நிறுவனத்தை லண்டனில் நடத்திய பேட்ரிக் மெக்ஃபேடியன் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்; சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்ற வழக்கில் சிறைத்தண்டனை பெற்றார். வாழ்நாள் சேமிப்பை அங்கே ஒப்படைத்திருந்த ஓய்வூதியர்களும் சிறு வணிகர்களும் வழக்கறிஞர்களும் ஒரே நாளில் கைப்பொருள் இழந்தனர். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது.

கூட்டு வணிகம், கம்பெனியைப் போலன்றி, பங்காளிகளிடமிருந்து பிரிந்த தனி ஆளாகச் சட்டத்தின் கண்ணில் கருதப்படுவதில்லை. ஆகவே நிறுவனம் நொடித்தபோது பங்காளிகளே நொடித்தவர்களாயினர். அதே மனிதர்கள் மீது லண்டனில் ஒரு நடவடிக்கையும் சென்னையில் ஒரு நடவடிக்கையும் ஒரே காலத்தில் நடந்தன. லண்டனில் சொத்தைப் பொறுப்பேற்றவரும், சென்னையில் பொறுப்பேற்ற அபிஷியல் அசைனி என்ற நீதிமன்ற அதிகாரியும், இரண்டு ஊர்ச் சொத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கடன் கொடுத்தவர் எந்த நாட்டவர் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பகிர்வதென்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். விஜயநகரம் கம்பெனி என்ற கடன் கொடுத்த நிறுவனம் இதை இங்கிலாந்து நீதிமன்றத்தில் எதிர்த்தது. 1908-இல் நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்காமல், உடன்பாடு முறையானது, நடைமுறை அறிவுக்கு உகந்தது என்று நிலைநிறுத்தியது. இரு நாட்டு நொடிப்பு அதிகாரிகள் கூடிப் பேசி வகுக்கும் செயல்முறை உடன்பாடுகளுக்கு இத்தீர்ப்பு முன்னோடியாக இன்றும் சுட்டப்படுகிறது.

இதன் அடியில் இருப்பது சமப் பங்கீடு என்னும் அறம். அந்த அறத்தைக் காக்கும் ஒரு விதி பல நாட்டுச் சட்டங்களில் உண்டு: ஒரு நாட்டு நடவடிக்கையில் நூற்றுக்கு இருபது ரூபாய் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஒருவர், மற்ற நாட்டில் உள்ளவர்களுக்கும் நூற்றுக்கு இருபது கிடைக்கும்வரை அங்கே எதுவும் பெற இயலாது; அதன் பிறகே அவர்களோடு சமமாகப் பங்கு கேட்கலாம். இரண்டு இடத்திலும் மனு போட வசதியுள்ள பெரிய வங்கி, ஓரிடத்தில் மட்டும் காத்திருக்கும் சிறு வணிகரை முந்திவிடாமல் தடுப்பது இவ்விதிதான்.

காரிமங்கலத்தில் எந்தச் சட்டம்?

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் கடனில் மூழ்கினால் அவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்விக்குப் பலரும் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைச் சுட்டுவர். அச்சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களைப் பற்றியதாக இருந்தாலும், கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட பிணை கொடுத்தவர்களைப் பொறுத்தவரை மட்டுமே அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; அவ்வாறு பிரித்து அமலாக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏனைய தனிமனிதர்களுக்கு ஆங்கிலேயர் காலச் சட்டங்களே தொடர்கின்றன: சென்னை மாநகருக்கு 1909-ஆம் ஆண்டின் மாநிலத் தலைநகர நொடிப்புச் சட்டம், பிற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். காரிமங்கலத்தார் இரண்டாவதன் கீழ் வருகின்றனர்.

1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடனாளி வழக்கமாக வசிக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், கூலிக்கோ சம்பளத்துக்கோ உழைக்கும் இடம் ஆகியவற்றுள் எந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். கடன் 500 ரூபாய் இருந்தால் போதும் என்ற வரம்பு, அச்சட்டம் எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டுகிறது. கடன் கொடுத்தவர் மனு கொடுப்பதானால், சொத்தை மறைக்கும் நோக்கில் பிறர் பெயருக்கு மாற்றுதல், கடன்காரருக்கு அஞ்சி வீட்டை விட்டு அகலுதல் போன்று சட்டம் வரையறுத்த செயல் ஒன்றைக் கடனாளி முந்தைய மூன்று மாதங்களுக்குள் செய்திருக்க வேண்டும்.

வசிப்பிடம், தொழிலிடம் என்று அதிகார எல்லை பலவாக இருப்பதால், ஒருவர் மீது இரண்டு ஆணைகள் பிறக்க வாய்ப்பு இயல்பாகவே உண்டு. நெடுஞ்சாலையை ஒட்டிய காரிமங்கலத்தில் குடியிருந்து பெங்களூரில் கடை நடத்தும் ஒருவரை, ஊரில் கடன் கொடுத்தவர்கள் தருமபுரி நீதிமன்றத்துக்கும், கடைக்குச் சரக்கு கொடுத்தவர்கள் பெங்களூர் நீதிமன்றத்துக்கும் இழுக்கலாம். இத்தகைய நிலைக்கு 36-ஆம் பிரிவு வழி சொல்கிறது. அதே கடனாளி மீது வேறொரு நீதிமன்றத்தில் நொடிப்பு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது, அவருடைய சொத்தை அந்த நீதிமன்றம் இன்னும் வசதியாகப் பகிர்ந்தளிக்க முடியும் என்ற இரண்டையும் மெய்ப்பித்தால், ஆணையிட்ட நீதிமன்றமே தன் ஆணையை ரத்து செய்யலாம் அல்லது மேல்நடவடிக்கைகளை நிறுத்திவைக்கலாம். முறையீடு ஆணை பிறப்பித்த நீதிமன்றத்திடமே செல்ல வேண்டும் என்பதும், மற்றொரு நடவடிக்கை இருக்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது என்பதும் கவனிக்க வேண்டியவை. நிலமும் சரக்கும் எங்கே இருக்கின்றன, கணக்குப் புத்தகங்கள் யாரிடம் உள்ளன, கடன் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் எங்கே வாழ்கின்றனர் என்பன போன்ற உண்மைகளே வசதி எது என்பதை முடிவுசெய்ய உதவும்.

இரட்டை ஆணை இல்லாத நிலையிலும், அந்த அறிவிப்பே வந்திருக்கக் கூடாது என்றோ கடன் முழுவதும் தீர்க்கப்பட்டுவிட்டது என்றோ காட்டி, 35-ஆம் பிரிவின்படி கடனாளியும் அக்கறையுள்ள பிறரும் ரத்து கோரலாம். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் செல்ல 30 நாள்களும், உயர் நீதிமன்றம் செல்ல 90 நாள்களும் உண்டு. ஆணை ரத்தானாலும் அதற்கு முன் ரிசீவர் முறையாகச் செய்த விற்பனையும் கொடுத்த பணமும் செல்லும் என்று 37-ஆம் பிரிவு சொல்வதால், தாமதித்து வருபவருக்கு மீட்க எதுவும் எஞ்சாமல் போகலாம். காலத்தே முறையிடுவது இந்த வழக்குகளில் பாதி வெற்றி.

எல்லை தாண்டும்போது

தருமபுரிக்கும் பெங்களூருக்கும் இடையே தீர்வு சொல்லும் 36-ஆம் பிரிவு, சிங்கப்பூரையோ துபாயையோ பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. சென்னைக்குரிய 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, அதன் 22-ஆம் பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே இருந்த பிரிட்டிஷ் நீதிமன்றங்களையும் கணக்கில் கொண்டிருந்தது. பேரரசின் குடையின் கீழ் இருந்த அந்த வசதி விடுதலைக்குப் பின் புதிய உலகிற்கேற்ப விரிவாக்கப்படவில்லை.

ஆகவே வெளிநாட்டு நொடிப்பு ஆணை இந்தியாவில் என்ன வலிமை பெறும் என்பதைப் பல சட்டங்களைக் கூட்டிப் படித்தே அறிய வேண்டியுள்ளது. தகுதிவாய்ந்த நீதிமன்றம் நொடிப்பு அதிகாரத்தின்கீழ் ஒருவருடைய சட்டநிலையைத் தீர்மானித்து அளிக்கும் தீர்ப்பை, வழக்கில் இல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும் சான்றாகப் பழைய சாட்சியச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஏற்றது. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியமும் அதைத் தொடர்கிறது. மறுபுறம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வெளிநாட்டுத் தீர்ப்பை எதிர்க்க ஆறு வாயில்களைத் திறக்கிறது: அதிகாரமில்லாத நீதிமன்றம், தகுதியின் அடிப்படையில் ஆராயாத தீர்ப்பு, பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகக் கொண்டதோ பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்ததோ ஆன தீர்ப்பு, இயற்கை நீதிக்கு முரணான விசாரணை, மோசடியால் பெற்ற தீர்ப்பு, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கை ஆகியவையே அவை. வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்ட ஒருவருக்கு அழைப்பாணையே சேராமல் வெளிநாட்டில் ஆணை பிறந்திருந்தால், இயற்கை நீதி என்ற வாயில் அவருக்குப் பயன்படும்.

சொத்தின் தன்மையும் விளைவை மாற்றுகிறது. பொதுச் சட்ட மரபில், வெளிநாட்டு நொடிப்பு ஆணை ஒருவருடைய அசையும் சொத்தைத் தொடலாமேயன்றி, மற்றொரு நாட்டில் உள்ள நிலத்தைத் தானாகக் கைப்பற்றாது. சிங்கப்பூரில் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட ஒருவருடைய காரிமங்கலத்துத் தென்னந்தோப்பு அந்த ஆணையாலேயே அங்குள்ள அதிகாரிக்கு உரியதாகிவிடாது. அதனால் நிலம் பாதுகாப்பானது என்று கருதுவதும் தவறு. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் மேல்நிலை நீதிமன்றங்கள் பணம் செலுத்தச் சொல்லும் தீர்ப்புகளை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரே நிறைவேற்றலாம். ஐக்கிய அரபு அமீரகமும் 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

தமிழர் பெருமளவில் உழைக்கும் சிங்கப்பூரில் 15,000 வெள்ளி கடனுக்கே நொடிப்பு மனு கொடுக்கலாம். ஆணைக்குப் பின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவது குற்றம். மலேசியாவில் அந்த வரம்பு ஒரு லட்சம் ரிங்கிட். இவ்விரு நாடுகளும் ஒன்றின் ஆணையை மற்றொன்று ஏற்கும் ஏற்பாட்டைத் தம் சட்டங்களிலேயே எழுதிவைத்துள்ளன. இந்தியாவுக்கு அப்படி எழுதப்பட்ட உறவு இல்லை.

எதிர்த்து நின்ற இரு வழக்குகள்

நொடிப்பு ஆணையை எதிர்க்கும் வழக்குகளின் போக்கை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு தெளிவாக்குகின்றன. அயர்லாந்துத் தொழிலதிபர் ஷான் குவின், தாமே மனு கொடுத்து 2011 நவம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் நொடிப்பு ஆணை பெற்றார். அங்கே ஓராண்டில் நொடிப்பு நிலையிலிருந்து விடுதலை கிடைக்கும். அயர்லாந்துக் குடியரசிலோ அப்போது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அவருடைய வாழ்க்கையின் முதன்மை மையம் குடியரசில்தான் இருந்தது என்று கடன் கொடுத்த வங்கி எதிர்த்தது. 2012 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் ஆணை ரத்தாகி, சில நாள்களிலேயே டப்ளினில் புதிய ஆணை பிறந்தது. சாதகமான நாட்டைத் தேடிப் பெறும் ஆணை நிலைக்காது என்பது அதன் பாடம்.

மற்றொன்று இந்தியாவுக்கு நேரே தொடர்புடையது. கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கடனுக்குப் பிணை நின்ற விஜய் மல்லையா மீது, பெங்களூர் கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017 ஜனவரியில் அளித்த தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு, பாரத ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிகள் லண்டனில் நொடிப்பு மனு கொடுத்தன. வங்கிகளிடம் இந்தியாவில் ஈடு இருக்கிறது, அதைக் கைவிடாமல் அவை மனு கொடுக்க முடியாது என்பது மல்லையா தரப்பின் முதன்மை வாதங்களுள் ஒன்று. வங்கிகள் மனுவைத் திருத்த நேர்ந்தது. 2021 ஜூலை 26 அன்று ஆணை பிறந்தது. அதை எதிர்த்த மேல்முறையீடு 2025 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஒரு நாட்டில் உள்ள ஈட்டையும் இன்னொரு நாட்டில் நடக்கும் நொடிப்பையும் பொருத்திப் பார்க்க விதி இல்லாதபோது, தீர்வுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதற்கு இவ்வழக்கு சான்று.

எழுதப்பட வேண்டிய அத்தியாயம்

ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் எல்லை கடந்த நொடிப்புக்கான மாதிரிச் சட்டத்தை 1997-இலேயே வெளியிட்டது. கடனாளியின் வாழ்வும் தொழிலும் முதன்மையாக எங்கே நடக்கின்றனவோ அந்த நாட்டு நடவடிக்கையை முதன்மையாகக் கொண்டு, மற்ற நாட்டு நீதிமன்றங்கள் அதற்குத் துணைநின்று, சமப் பங்கீட்டைக் காக்கும்படி அது வழிவகுக்கிறது. பிரிட்டன் 2006-இல் அதை ஏற்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 234, 235 ஆகிய பிரிவுகளில், பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளவும் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு உதவி வேண்டுகோள் அனுப்பவும் இடமளிப்பதோடு நின்றது. நொடிப்புச் சட்டக் குழு 2018-இல் மாதிரிச் சட்டத்தைத் தழுவப் பரிந்துரைத்தபோதும், முதற்கட்டமாகக் கம்பெனிகளையே கருத்தில் கொண்டது; 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா எல்லை கடந்த நொடிப்புக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தைக் கோரியது.

கம்பெனிகளுக்கு இந்த அத்தியாயம் எழுதப்படுவது மட்டும் போதாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பகுதி முழுமையாக அமலுக்கு வந்து, எல்லை கடந்த விதிகள் தனிமனிதரையும் தழுவாதவரை, சிங்கப்பூரில் உழைத்துக் காரிமங்கலத்தில் நிலம் வாங்கியவருக்கும், அவரை நம்பிக் கடன் கொடுத்த ஊர்க்காரருக்கும் 1920-ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருக்கும். அதுவரை அவர்கள் செய்யத்தக்கவை சில உண்டு: கடனாளி இரு நாட்டுச் சொத்தையும் கடனையும் இரு நீதிமன்றங்களிலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், மற்றொரு நாட்டில் நடவடிக்கை இருப்பதை முதல் விசாரணையிலேயே தெரிவிக்க வேண்டும், கடன் கொடுத்தவர் தம் கோரிக்கையை இரண்டு இடத்திலும் காலத்தே பதிய வேண்டும், வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை நாட வேண்டும். லண்டனிலும் சென்னையிலும் இருந்த அதிகாரிகள், வழிகாட்டச் சட்டம் இல்லாத காலத்தில், இரு நாட்டுச் சொத்தையும் ஒன்றாகச் சேர்த்து எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்தனர். அவர்கள் தம் பொறுப்பில் செய்த அந்த நேர்மையை எளிய கடனாளிக்கும் எளிய கடன் கொடுத்தவருக்கும் உரிமையாக எழுதித்தருவது நாடாளுமன்றத்தின் கடமை.